கத்துகிற குட்டி இருக்கட்டும், கத்தாத குட்டியை முதலில் பாருங்கள்

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் சொந்த வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டு அடி காலியிடம் இருக்கிறது. ஆறு நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் ஆட்டில் ஒரு கிடாக்குட்டியும் ஒரு பெட்டைக்குட்டியும் வாங்கியிருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு ஆளிடம். "ரெண்டு மாசக் குட்டி, தழை நல்லாக் கடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வந்த இரவிலிருந்து ஓயாத கத்தல். இரண்டும் முட்டிக்கொண்டதால் கிடாக்குட்டியைப் பழைய குளியலறைக்குள்ளும், பெட்டையை வேப்பமரத்தில் கயிறு போட்டும் வைத்திருக்கிறார்கள். கத்தும்போதெல்லாம் மாமியார் ஓடிப்போய்ச் சோற்றைப் பிசைந்து வைக்கிறார். அண்டைவீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்பேன், அப்புறம் கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டுருவேன்" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கணவர் இரவில் மட்டும் வாயைக் கட்டிவைக்கலாம் என்கிறார். உறவினர் ஒருவர் இருமல் மருந்து கொடுத்தால் தூங்கிவிடும் என்கிறார். வாசகியின் கேள்விகள்: கத்தல் எத்தனை நாளில் நிற்கும்? அடக்க மருந்து உண்டா? புகார் கொடுத்தால் குட்டிகளைப் பிடித்துக்கொண்டு போவார்களா? பேசாமல் அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையிலேயே விற்றுவிடலாமா?

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: "நேத்துலேர்ந்து கிடாக்குட்டி மட்டும் அடங்கிருச்சு, லேசாக் கழியுது, மூக்கு ஒழுகுது, மத்தபடி பழகிருச்சுன்னு நினைக்கிறேன்." பழகவில்லை. ஐந்து நாள் தொண்டை கிழியக் கத்திய குட்டி, கழிச்சலோடும் மூக்கொழுகலோடும் சேர்ந்து அடங்கினால் அதை நோய் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் குட்டிக்குத்தான் கத்தத் தெம்பு இருக்கும். இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்கு மின்னஞ்சலில் உடனே அனுப்பிவிட்டோம்; மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சந்தையில் பல ஊர் ஆடுகள் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். பிபிஆர் எனப்படும் ஆட்டுக்கொல்லி நோயின் கிருமி உள்ளே போனால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சல் காட்டும். பிறகு கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், ஈறில் புண், கழிச்சல். உங்கள் ஆறு நாள் கணக்கு சரியாக அதற்குள் விழுகிறது. பிபிஆர்தான் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் வந்த அலைச்சலில் பிடித்த சளி, சோறு செய்த வேலை, இரத்தக் கழிச்சல் கிருமி, இவற்றில் எதுவும் ஆரம்பத்தில் இப்படித்தான் தெரியும். பிரித்துப் பார்க்க முதல் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் நுழைத்து, நேராக நடுவில் நிற்காமல் சற்றுச் சாய்த்துச் சுவரில் படும்படி, 'பீப்' சத்தம் வரும்வரை பிடியுங்கள். வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. காலை வேளையிலேயே 104.5 தாண்டினாலோ, கீழ் உதட்டை விலக்கிப் பார்க்கும்போது ஈறில் தவிடு ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு இருந்தாலோ அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கழிச்சலில் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நாளை தாண்ட விடாதீர்கள். கொண்டுபோக வழியில்லை என்றால் 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதுவரை ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு வேளைக்கு 100 மில்லி, நாளைக்கு நான்கு வேளை. பாலோடு கலக்கக் கூடாது. பால் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பிபிஆர் மனிதருக்கு வராது. ஆனால் ஒரு குட்டி வாய் வைத்த வாளியில் இன்னொன்று வாய் வைக்க வேண்டாம்.

இனி கத்தலுக்கு வருவோம்.

ஆறாவது நாளும் ஏன் குறையவில்லை

தாயைப் பிரிந்த குட்டியின் கத்தல் முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும். மூன்று, நான்காம் நாளில் இடைவெளி விழும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். உங்கள் பெட்டைக்குட்டி ஆறாம் நாளும் அதே வேகத்தில் கத்துகிறது என்றால், தாய் நினைப்போடு வேறு காரணமும் சேர்ந்திருக்கிறது. என் கணிப்பில் முதலாவது பசி.

"ரெண்டு மாசம்" என்பதைச் சோதித்துப் பாருங்கள். குளியலறை எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். கழித்தால் குட்டியின் எடை. நம் பக்கத்து நாட்டு ஆட்டுக்குட்டி பிறக்கும்போது சுமார் இரண்டு கிலோ இருக்கும். தாய்ப்பாலில் ஒழுங்காக வளர்ந்தால் இரண்டு மாதத்தில் ஆறு கிலோவை ஒட்டி நிற்கும். நான்கு கிலோ என்று காட்டினால் ஒன்று வயது குறைவு, இல்லை பால் குறைவு. எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பல்லையும் பாருங்கள். கீழ்த்தாடை முன்வரிசையில் எட்டுப் பாற்பற்களும் சுமார் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஓரப் பல் இன்னும் ஈறுக்குள் பாதி இருந்தால் அது ஒரு மாதக் குட்டி. எட்டும் வந்திருந்தால் ஒரு மாதம் தாண்டியது என்பதற்கு மேல் பல் எதுவும் சொல்லாது.

அடுத்து, தழையைக் கடிப்பதும் தழையில் பிழைப்பதும் ஒன்றல்ல. இரண்டு வாரக் குட்டிகூட இலையை இழுத்து மெல்லும். ஆனால் அதைச் செரிக்கும் பெரிய வயிறு வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். சாயங்காலம் சும்மா படுத்திருக்கும்போது தள்ளி நின்று பாருங்கள்: கண் பாதி சொருகி, கழுத்தில் ஓர் உருண்டை மேலே ஏறி, தாடை ஒருபக்கமாக அரைக்கிறதா? அதுதான் அசைபோடுதல். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் முஷ்டியை மெதுவாக வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளே புரளுவது கைக்குத் தெரியும். இந்த இரண்டும் இல்லாத குட்டிக்குப் பால் கட்டாயம் வேண்டும்.

எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஐந்து கிலோக் குட்டிக்கு நாளைக்கு அரை லிட்டர் பசும்பால், தண்ணீர் சேர்க்காமல், மூன்று வேளையாகப் பிரித்து. காய்ச்சி, மணிக்கட்டில் விட்டால் இதமான சூடு தெரியும் பதத்துக்கு ஆற்றிக் கொடுங்கள். ஆறு நாளாகப் பால் காணாத வயிறு என்பதால் முதல் நாள் வேளைக்கு 80, 100 மில்லி போதும். மூன்று நாளில் முழு அளவுக்குப் போகலாம். குழந்தைப் பால்புட்டியே போதும், ரப்பர் ஓட்டையைச் சற்றே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குட்டி நாலு காலில் நிற்க வேண்டும், புட்டியைத் தாய் மடி உயரத்தில் பிடிக்க வேண்டும். கைக்குழந்தை மாதிரி மடியில் மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். நகரத்தில் செல்லமாக வளர்க்கும் குட்டிகள் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூன்று மாதம் நிறைந்து, நாளைக்கு 100 கிராம் தீவனத்தைத் தானாகத் தின்று முடிக்கும்போது, பாலைப் பத்துப் பதினைந்து நாளில் வேளை வேளையாகக் குறைத்து நிறுத்துங்கள்.

சோறு

மாமியார் அன்பாகத்தான் வைக்கிறார், அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். வெந்த சோறும் கஞ்சியும் வயிற்றுக்குள் போன வேகத்தில் புளிக்கும். அசைபோடும் வயிற்றில் அமிலம் ஏறி, தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். கழிச்சல், உப்புசம், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் நிற்பது எல்லாம் அதன் பின்விளைவு. விசேஷ வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று ஒரே இரவில் வளர்ந்த ஆடே சாய்ந்துவிடும். உங்கள் குட்டிகளுக்கு இன்றோடு சோறு, கஞ்சி, பிஸ்கட், இட்லி எல்லாம் நிறுத்தம்.

அதற்குப் பதில் அகத்தி, வேலிமசால், பூவரசு, ஆல், முருங்கை, கல்யாண முருங்கை. சூபாபுல் கிடைத்தால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குட்டி ஒன்றுக்கு நாளைக்கு அரை கிலோவில் தொடங்கி முக்கால் கிலோ வரை போகலாம். பனியிலும் மழையிலும் நனைந்த தழையைப் பரப்பி வாடவைத்துக் கொடுங்கள். தரையில் போட்டால் மிதித்து மூத்திரம் பெய்து ஒதுக்கிவிடும்; கட்டாகக் கட்டி, குட்டியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். எட்டி இழுத்துத் தின்பது ஆட்டின் சுபாவம், அந்த வேலையில் இருக்கும்போது கத்தல் வராது. அடர்தீவனம் முதலில் 25 கிராம், பத்து நாளில் 100 கிராம். வீட்டில் கலப்பதானால் உடைத்த மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 27, தாது உப்புக் கலவை 2, உப்பு 1.

கொல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அழகுக்கென்று வைத்த அரளி இருக்கிறதா? கொஞ்சம் இலை போதும், குட்டியின் இதயம் நின்றுவிடும். வெட்டிப் போட்டுக் காய்ந்த அரளியும் அதே விஷம்தான். ஆமணக்கு, மரவள்ளி இலை, ஊமத்தை, உன்னிச்செடி எல்லாம் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

பிரித்து வைத்ததுதான் பெரிய பிசகு

முட்டிக்கொண்டன என்று பிரித்திருக்கிறீர்கள். வேறு வேறு தாயின் குட்டிகள் சந்தித்தால் முட்டிப் பார்த்துத்தான் யார் பெரியவர் என்று முடிவு செய்யும். இரண்டு மூன்று நாளில் ஒன்றன் முதுகில் ஒன்று தலைவைத்துத் தூங்கும். இப்போது ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கிறது, ஆனால் பார்க்க முடியவில்லை. அது கூப்பிட இது பதில் சொல்ல, இது கூப்பிட அது பதில் சொல்ல, விடிய விடியக் கச்சேரி.

கிடாக்குட்டியை மருத்துவர் பார்த்து, ஒட்டுநோய் இல்லை என்று சொல்லும்வரை இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலைத் தடுப்பு, ஒன்றையொன்று பார்க்கும்படி. மூக்கு தொடாதபடி வலைக்கும் குட்டிக்கும் இரண்டு மூன்று அடி விட்டு இன்னொரு தடுப்பு. ஒட்டுநோய் இல்லை என்றதும் இரண்டையும் ஒரே பட்டியில் விடுங்கள். ஆறுக்கு ஐந்து அடி இப்போதைக்குத் தாராளம். வளர்ந்தபின் ஆடு ஒன்றுக்குக் கூரைக்குக் கீழ் பத்துப் பன்னிரண்டு சதுர அடியும் வெளியே அதைப்போல் இரண்டு மடங்கும் வேண்டும். வலை நாலடி உயரம், கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கண் வலையில் தலை போகும், கொம்பு முளைத்தபின் திரும்பி வராது. மரச்சட்டத் தளம் போட்டால் சட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளிதான். அதற்கு மேல் விட்டால் குட்டியின் கால் சிக்கி ஒடியும்.

பழைய குளியலறை வேண்டவே வேண்டாம். இருட்டில் வைத்தால் அடங்கும் என்பது கோழிக்குச் சரி. ஆட்டுக்குட்டிக்கு இருட்டும் தனிமையும் பயம்தான். சிமென்ட் தரையின் ஈரமும் மூத்திர நெடியும் நேரே மார்ச்சளியில் கொண்டுவிடும். தரையில் உலர்ந்த சணல் சாக்கு விரித்து, தலைக்கு மேலே காற்றோட்டம் இருக்க, காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும். பட்டியை அண்டைவீட்டுப் படுக்கையறைச் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். தகரக் கூரையும் காம்பவுண்டுச் சுவரும் சத்தத்தை எதிரொலித்துப் பெருக்கும். தகரத்துக்குப் பதில் கீற்று வேய்ந்து, சுவர்ப் பக்கம் தடித்த சாக்குப் படுதா கட்டினாலே வித்தியாசம் தெரியும். பட்டிக்குள் கவிழ்த்த மரப்பெட்டி ஒன்று, ஓரடி உயரத்தில். ஏறிக் குதிக்க இடம் இருந்தால் சலிப்பில் கத்துவது குறையும்.

நீங்களே சொல்லிக்கொடுத்த கத்தல்

ஆறு நாளாக, கத்தினால் ஆள் வருகிறது, சாப்பாடு வருகிறது. குட்டி அதை நன்றாகவே படித்துக்கொண்டது. இதை மாற்ற நேரம் பிடித்துத் தீவனம் வைக்க வேண்டும். விடிகாலை ஐந்தரைக்குக் கத்தும் குட்டிக்கு ஐந்தே காலுக்குப் பால் போக வேண்டும். மதியம் ஒருமணிக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை. இரவு ஒன்பதுக்கு ஒரு கட்டுத் தழையோ நல்ல கடலைக்கொடியோ கட்டிவிட்டு, இரவு விளக்கைத் தவிர மற்ற விளக்கை அணையுங்கள். வயிற்றில் நார் இருந்தால் இரவெல்லாம் அசைபோட்டுக் கிடக்கும். நடுவில் கத்தினால் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால், கத்தல் நின்று பத்து எண்ணும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருந்து, அப்புறம் போங்கள். சமையலறைக் கதவு திறப்பது தெரியாதபடி பட்டியின் அந்தப் பக்கத்தை மறைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கத்தல் கூடும். பழைய வித்தை பலிக்கவில்லையே என்று இன்னும் ஓங்கிக் கத்திப் பார்க்கும். அந்த நேரத்தில் இரங்கி ஓடினால், அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும்.

வாய்க்கட்டும் இருமல் மருந்தும்

இரண்டும் கூடாது. ஆடு தூங்கும் இரவிலும் அசைபோட வேண்டும், வயிற்று வாயுவை ஏப்பமாக வெளியே விட வேண்டும். வாய் கட்டியிருக்கும்போது எதுக்களித்தது மூச்சுக்குழலில் இறங்கினால் காலையில் பிணம்தான். மயக்கம் தரும் எந்த மருந்தும் வயிற்று அசைவையும் சேர்த்து நிறுத்தும். உப்புசம் கண்டு சாகும். கத்தலை அடக்கவென்று பாதுகாப்பான மருந்து கிடையாது. உங்கள் கணவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதே குற்றம். வேப்பமரத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிடுங்கள். ஆள் இல்லாதபோது கயிற்றில் குட்டி சுற்றிக்கொண்டு கழுத்து இறுகுவது அடிக்கடி நடப்பது.

அண்டைவீட்டுக்காரர் பக்கம்

"என் இடம், என் ஆடு" என்று எழுதியிருக்கிறீர்கள். நகரத்தில் அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். சுகாதாரக் கேடு என்று வந்தால் மாநகராட்சி தலையிடும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை 10 டெசிபல் தாண்டினால் புகார் கொடுக்க இடமுண்டு. அவர் கொடுப்பதற்கு முன், நீங்களே உங்கள் மண்டல அலுவலகச் சுகாதாரப் பிரிவில் போய், இரண்டு ஆடு வைக்க அனுமதி வேண்டுமா, என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் என்ற பெயர் பிற்பாடு உதவும்.

ஆனால் முதலில் போக வேண்டிய இடம் அலுவலகம் இல்லை, பக்கத்து வீடு. "பழகிரும், பொறுத்துக்கங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல், "இன்னைலேர்ந்து சாப்பாட்டு நேரத்த மாத்துறோம், மூணு நாள் சத்தம் கூடத்தான் இருக்கும், பத்து நாள்ல குறையும், பட்டியையும் அந்தச் சுவத்துலேர்ந்து தள்ளிப் போடுறோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். பிள்ளைக்குப் பரீட்சை எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புழுக்கையைத் தினமும் கூட்டி மூடிய குழியில் போட்டு, தரையில் வாரம் ஒருமுறை சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். பல தெருக்களில் புகார் கத்தலில் தொடங்கி ஈயிலும் நாற்றத்திலும்தான் முற்றுகிறது.

விற்பதா, வைத்திருப்பதா

இந்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு நிச்சயம் வேண்டாம். கழியும் குட்டியைச் சந்தையில் நிறுத்துவது மற்றவர் பட்டிக்கு நோயை அனுப்புவது. ஒன்றை மட்டும் விற்பதும் வேண்டாம்; மிஞ்சும் ஒற்றைக் குட்டி இதைவிடக் கத்தும். இரண்டு வாரம் கவனித்து, இரண்டும் தேறியபின் முடிவெடுங்கள். தேறிய குட்டிகளுக்கு மூன்று மாதம் நிறைந்ததும் பிபிஆர் தடுப்பூசியும், துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்; குடற்புழு மருந்தைச் சாணப் பரிசோதனை பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கழிச்சலில் இருக்கும்போது ஊசி வேண்டாம்.

வைத்திருப்பதென்றால் இரண்டு விஷயம் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். கிடாக்குட்டியைக் காயடிக்காமல் நகரக் கொல்லையில் வளர்க்க முடியாது. நாலைந்து மாதத்திலேயே பெட்டையைத் துரத்தத் தொடங்கும், பிறகு கிடா நாற்றம் தெரு முனைவரை போகும். இரண்டு மூன்று மாத வயதில் மருத்துவமனையில் இடுக்கி வைத்து, ரத்தம் வராமல் செய்துவிடுவார்கள். காயடித்த கிடாவுக்குத் தவிடும் தானியமும் அளவுக்கு மேல் கொடுத்தால் மூத்திரக் கல் அடைக்கும். முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்று கத்தினால், மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெட்டைக்குட்டி ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வரும். வாலை ஆட்டிக்கொண்டு, தீனி எடுக்காமல், ஒன்றிரண்டு நாள் விடாமல் கத்தும். சினைப்படாவிட்டால் பதினெட்டு முதல் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அதே கச்சேரி திரும்ப வரும். அந்தக் கத்தலைத் தழையும் பாலும் நிறுத்தாது. முதல் முறை வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து இருபது நாள் எண்ணி அடுத்ததையும் குறித்து, பக்கத்து வீட்டுக்கு முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.